பல்கனிக் கம்பியில கறள்

வசந்தி மாமி: பிள்ளையள் இந்தப் போட்டோவப் பாருங்கோ, பல்கனி சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி போட்டு ஒரு வருசம் கூட இல்ல, பழுப்புப் பழுப்பாப் புள்ளி. கறளே பிடியாதெண்டு சொல்லித்தானே கடைக்காரன் காசு வாங்கினவன்

தர்ஷி: அச்சோ மாமி. பின்பக்கமுமா?

வசந்தி மாமி: இல்ல பிள்ள, கடல் பக்கம், மெரைன் டிரைவ் றோட்டுப் பக்கம் மட்டும்தான். ஸ்டீல் வூலால நல்லா உரஞ்சினன், ரெண்டு கிழமையில முந்தியவிடக் கூட வந்திட்டுது

சுதன்: மாமி ஸ்டீல் வூல் வேண்டாம்!! அதில இருந்து உடையிற இரும்புத் தூள் கம்பியில ஒட்டி, அதுவே கறளாகும்

சுதன்: சில்வரும் இரும்புதான் மாமி. ஆனா குறைஞ்சது 10.5% குரோமியம் கலந்திருக்கும், அந்தக் குரோமியம் காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேர்ந்து மேல ஒரு ஒட்சைட்டுத் தோல் போடும், ஒரு மில்லிமீற்றரப் பத்து லட்சமாப் பிரிச்சா அதில ரெண்டு மூண்டு பங்கு தடிப்புத்தான். கீறுப்பட்டாலும் காத்துப் பட்டவுடன தானாவே மூடிக்கொள்ளும்

ரகு மாமா: கறளும் ஒட்சைட்டுத்தானேடா, அது ஏன் இரும்புக் கேற்றக் காப்பாத்தேல்ல?

சுதன்: அது பொருக்காகி உதிர்ந்திடும் மாமா, இடையால தண்ணியும் காத்தும் உள்ள போகும். குரோமியத்திட, அலுமினியத்திட படை இறுக்கிப் பிடிச்சிருக்கும். இரும்புக்கும் அப்பிடி ஒரு படை போடலாம், ஐதான நைத்திரிக்கமிலத்தில கரையிற இரும்பு செறிந்த அமிலத்தில அசையாமக் கிடக்கும், மேல ஒட்சைட்டு மூடுறதுதான் காரணமெண்டு விஞ்ஞானி ஃபரடே 1836இலயே நினைச்சவர். எனக்கு வகுப்பில சொல்லச் சொல்ல ஆசையான விசயம்

வசந்தி மாமி: அப்ப என்ர கம்பிக்கு என்ன வந்தது

சுதன்: உப்பு மாமி. கடல்காத்தோட வாற உப்பில இருக்கிற குளோரைட்டு அந்தத் தோலச் சின்னச் சின்ன இடமா உடைக்கும், ஸ்க்ரூவடி மாதிரி இடுக்குகளில ஒட்சிசனும் போகாது, பிறகெப்பிடித் திரும்ப மூடும்? வழமையா விக்கிறது 304 எண்ட ரகச் சில்வர், கடற்கரைக்கு 316 எண்ட ரகம்தான் வேணும், அதில 2-3% மொலிப்டினம் எண்ட உலோகம் இருக்கு, உப்புக்குக் கூடத் தாங்கும். இத விக்கேக்கையே சொல்லியிருக்க வேணும்

தர்ஷி: இப்ப என்ன செய்யிறது அண்ணா?

சுதன்: கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியும் கொஞ்சம் சவர்க்காரமும், மெல்லிய துணி, பிறகு ஈரமில்லாமத் துடைக்கோணும். ப்ளீச் கிட்டவும் வேண்டாம், அதிலயும் குளோரைட்டு

வசந்தி மாமி: ஓமடா முதல்ல ஸ்க்ரூவடியிலதான் வந்தது, நான் ஊத்தையெண்டு நினைச்சு ப்ளீச்சும் ஊத்தினனான். இப்பவே வாளியோட போறன்