பர்ப்பிள் மார்ட்டின் கூட்டை எப்போது திறப்பது?

டெக்சாஸிலிருந்து:

பர்ப்பிள் மார்ட்டின் தகைவிலான் சாதிப் பறவை. இங்கே அமெரிக்காவில் கம்பம் நட்டு அதற்குக் கூட்டுப்பெட்டி வைப்போம், அது வரும்வரை வாசலை மூடியே வைத்திருப்போம். குளிர்காலத்தை பிரேசில் பக்கம் கழித்துவிட்டு பிப்ரவரி வாக்கில் இங்கே வந்துவிடும். முதலில் வருவதை ‘ஒற்றர்’ என்பார்கள். இடம் பார்த்துவிட்டுப் போய்க் கூட்டத்தை அழைத்து வருமாம். சும்மா கதை. அவை போன வருடம் கூடு கட்டிய வயதான பறவைகள், பழைய கூட்டுக்கே நேராக வருகின்றன. முந்தைய கோடையில் பொரித்த இளசுகள் வர இன்னும் நாலைந்து வாரமாவது ஆகும். புதிதாகக் கம்பம் நட்டவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இளசுகள்தான். அதனால் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதே என்று பதறித் திறக்காதீர்கள். சிட்டுக்குருவி புகுந்து வைக்கோலை அடைத்துவிடும். நம்மூரில் பெட்டி வைத்து அழைக்கிற அதே குருவிதான். இங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த வந்தேறி, மார்ட்டின் முட்டையைக் கொத்தி உடைக்கும்.

பென்சில்வேனியாவிலிருந்து:

ஏற்கெனவே மார்ட்டின் குடியிருந்த முற்றத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. முதல் பறவை தலைகாட்டியதுமே திறந்துவிட வேண்டும். இங்கே அது ஏப்ரல் தொடக்கம். அப்போது வரும் குளிர்தான் எமன். பறக்கும் பூச்சி தவிர வேறெதையும் இது தேடித் தின்னாது. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூச்சி பறக்காது. இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் நீண்டால் சாகத் தொடங்கும். செல்லப்பிராணிக் கடையில் பல்லித் தீனியாக விற்கும் கிரிக்கெட் பூச்சியை உறைய வைத்திருந்து, ஐஸ் விட்டதும் பிளாஸ்டிக் ஸ்பூனில் வைத்துப் பறவையின் உயரத்துக்குச் சுண்டுங்கள். முதலில் எறிவது அத்தனையும் வீண். தரையில் விழுந்ததை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒன்று பாய்ந்து கவ்விவிட்டால் மற்றவை பார்த்துப் பழகிக்கொள்ளும். பிறகு உயரத்தில் தட்டு வைத்து, உப்பு, மிளகு, வெங்காயம் எதுவும் சேர்க்காத முட்டைப் பொடிமாஸ் போடலாம்.

ஒஹாயோவிலிருந்து:

வாசல் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. சுமார் 54 மி.மீ. வட்டத் துளை போட்டால் ஸ்டார்லிங் (மைனா குடும்பத்துப் பறவை, இதுவும் மார்ட்டின் கூட்டைப் பிடுங்கிக்கொள்ளும்) தாராளமாகப் புகும். பிறை வடிவில், உயரம் 30 மி.மீ., அடிப்பக்கம் கூட்டின் தரையோடு ஒட்டினாற்போல் வெட்டுங்கள். அதற்குமேல் உயர்ந்தால் ஸ்டார்லிங்குக்குக் கதவு திறந்த மாதிரி. குறைந்தால் மார்ட்டினே சிக்கும். மரப்பெட்டியைவிடச் சுரைக்குடுக்கை நல்லது, காற்றில் ஆடினாலும் மார்ட்டினுக்குக் கவலையில்லை. வெள்ளை பெயின்ட் அடித்தால் உள்ளே சூடேறாது, அடியில் நீர் வடியத் துளை அவசியம். கம்பம் 12 முதல் 15 அடி, சுற்றி 40 அடிக்கு மரமே கூடாது. பாம்பும் ராக்கூனும் (மரமேறும் விலங்கு) ஏறாதபடி நடுவில் தகரக் குழாய் மாட்டி, இறக்கி ஏற்றக் கப்பியும் கயிறும் வையுங்கள். வாரம் ஒருமுறை இறக்கிப் பார்க்காவிட்டால் குருவிக்கூடு கண்ணில் படாது.