புதுப்பிப்பு: வெப்பத்தில் திறக்கும் லிப்போசோம்கள் என்ன ஆயின?

1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில் (லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புறைக்குள் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்தது) பற்றிய என் முந்தைய இழையில், அப்படி அடைத்த மருந்தைப் புற்றுக்கட்டியருகே மட்டும் வெளியேற்ற முடியுமா என்று சிலர் கேட்டிருந்தனர். அதற்கென உருவானதே தெர்மோடாக்ஸ். சிரை வழியே செலுத்தப்படும் இந்த லிப்போசோமின் சவ்வு, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான திசுவை அடைந்ததும் இளகி, மருந்தை விரைவாகக் கொட்டிவிடும். ஆகவே கல்லீரல் கட்டியை ரேடியோ அலை ஊசியால் சுடும்போது, வெப்பம் முழுமையாக எட்டாத விளிம்பில் எஞ்சும் செல்களை இது அழிக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

இதைச் சோதிக்க 701 நோயாளிகள் பங்கேற்ற மூன்றாம் கட்ட ஆய்வு 2013இல் இலக்கை எட்டவில்லை. அதில் 45 நிமிடங்களுக்குக் குறையாமல் சூடாக்கப்பட்டவர்களிடம் பலன் தென்பட்டதாகக் கூறி (தோல்வியடைந்த ஆய்வின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துப் பெற்ற நம்பிக்கை என்பதே என் தயக்கம்) ஆப்டிமா என்ற அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். அதிலும் பயன் கிட்டாது என்பது 2020இல் இடைக்காலப் பகுப்பாய்வில் தெரிந்தது.