புதுப்பிப்பு: படமெல்லாம் 404 வந்தது சரியாயிடுச்சு (ரூட் / அலியாஸ்)

போன வாரம் கேட்டிருந்தேன்ல, சிங்கப்பூர் தேக்காவுல மாமா துணிக்கடையோட வெப்சைட், உபுண்டு (லினக்ஸ்) சர்வர்ல என்ஜின்எக்ஸ் (பக்கத்தையும் படத்தையும் அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர்), /படம்/னு ஆரம்பிக்கிற லிங்க் எல்லாமே 404 (ஃபைல் கிடைக்கல)ன்னு. சரியாயிடுச்சு, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

"முதல்ல எரர் லாக்க பாருங்க தம்பி"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, சர்வர் தப்புகள எழுதி வைக்கிற அந்த ஃபைல்தான் கை கொடுத்துச்சு. சர்வர் எந்த ஃபைல தேடுதுன்னு அதுல முழுசா இருந்துச்சு: /ஹோம்/கடை/படம்/படம்/சேலை1. படம் ரெண்டு தடவ! நான் என்ஜின்எக்ஸ் செட்டிங்ல /படம்/ லொகேஷனுக்குள்ள (அந்த லிங்குக்கான பகுதி) ரூட்னு போட்டு /ஹோம்/கடை/படம்னு குடுத்திருந்தேன், ஆனா ரூட் என்ன பண்ணும்னா லிங்கோட பாதைய அப்படியே பின்னாடி ஒட்டிடும், அலியாஸ் போட்டாதான் அந்த /படம்/ பகுதிய எடுத்துட்டு அந்த இடத்துல நம்ம ஃபோல்டர வைக்கும். அலியாஸ்னு மாத்தினேன், கடைசில ஸ்லாஷ் மறக்காதீங்க, லொகேஷன்ல இருந்தா இதுலயும் இருக்கணும்.

அப்புறம் ரீலோட் பண்ணா 404 போயி 403 (அனுமதி இல்ல) வருது லா, தலைய பிச்சுக்கிட்டேன். பாத்தா படத்தோட ஃபைல் பர்மிஷன்ல என்ஜின்எக்ஸுக்குப் படிக்கவே அனுமதி இல்ல, ஃபைல் கிடைச்சும் பிரயோஜனம் இல்ல. 777 (யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் பண்ணலாம்ங்கற பர்மிஷன்) போடச் சொன்னவங்க கோச்சுக்காதீங்க, அது பண்ணல. படங்களுக்குப் படிக்கிற அனுமதி மட்டும் குடுத்தேன், சேலை எல்லாம் வந்துருச்சு.