முதல் வெட்டு நீ போடு, தம்பி

சாமி கும்பிடுகிறவர்களும் சாமி இல்லை என்பவர்களும் ஒன்றாகக் கைகொடுத்த நாட்களைப் பற்றி மூவர் சொன்னவை:

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்:

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலை ஒட்டி நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்து வழியையே அடைத்துவிட்டது. தண்ணீர் லாரிகூட உள்ளே வர முடியாது. அரிவாள் வந்தது, கோடாரி வந்தது, கைதான் எழவில்லை. மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்ட மரம், யார் வெட்டுவது?

நான் கருப்புச் சட்டைக்காரன். பெரியார் மேல் செருப்பு விழுந்த இடத்திலேயே அவருக்குச் சிலை வைத்த ஊர் இது என்று, திருவிழா வசூலுக்கு வருகிறவர்களிடம் வருஷா வருஷம் வம்பு பேசுபவன். அன்று பூசாரியே என் வாசலுக்கு வந்தார். "தம்பி, உனக்குத்தான் சாமி இல்லையே. முதல் வெட்டு நீ போட்டுடு."

சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று போனேன். அவர் சூடம் காட்டி மரத்திடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை கோடாரியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். (தோழர் ஒருவர் இன்னும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்.) முதல் வெட்டு விழுந்ததும் ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். ஜும்மா முடித்து வந்த பாய்மார்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வழி திறந்தது.

அப்புறம் கரண்ட் இல்லாத நாளெல்லாம் அந்த விறகில்தான் தெருவுக்கே சோறு. பச்சை விறகு, ஒரே புகை. அதில் மட்டும் யாருக்கும் சாமி குத்தம் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர்:

என் மாமா கோயில் வாசல் மிதிக்காதவர். ஆனால் தைப்பூசத்துக்கு அத்தையோடு ஒரே பஸ்ஸில் வடலூர் போவார். அத்தை ஞானசபையில் ஜோதி பார்க்க நிற்பார். மாமா, வந்தவர்க்கெல்லாம் சோறு போடும் தருமசாலையில் பூசணிக்காய் நறுக்குவார். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறதே, அது போதுமாம் அவருக்கு.

புதுச்சேரி, குருசுக்குப்பத்திலிருந்து ஒருவர்:

மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று ஒவ்வொரு சாமியாக வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் மோர்ப் பந்தலில் ஒரு வருஷம் பிரெஞ்சுப் பெரியவர் ஒருவர் மதியம்வரை டம்ளர் கழுவிக் கொடுத்தார். மாதா கோவிலுக்கும் போகாதவர். "சாமி நம்பிக்கை இல்லாமல் ஏன் சார் இந்தப் பாடு?" என்று கேட்டேன். அரைகுறைத் தமிழில் சொன்னார்: "வெயில் நம்புறேன்."