பிள்ளைகளைப் படம் எடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருக்கேன். வாரநாள்ல ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறுல சின்னப் பிள்ளைகளைப் படம் எடுத்துக் கொடுக்கலாம்னு ஆசை. கையில பழைய கேனான் கேமரா, 50 மி.மீ. லென்ஸ் ஒண்ணு, அவ்வளவுதான்.

போன வாரம் அண்ணன் மகளைத் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு வயசு. குரங்கைப் பார்த்ததும் ஓட ஆரம்பிச்சவதான், நிக்கவே இல்ல. ஷட்டர் வேகம் 1/60 செகண்ட்ல இருந்துச்சு, எல்லாம் கலங்கிப் போச்சு. 1/500க்கு மாத்தி, புல்லுல முட்டி போட்டு அவ கண்ணு மட்டத்துல எடுத்த பிறகுதான் நாலு படம் தேறுச்சு. அதுலயும் மரத்தடி வெளிச்சத்துல முகமெல்லாம் பச்சை! நம்ம பிள்ளைங்க மாநிறம் அப்படியே வர என்ன செய்றீங்க? வெள்ளைத் துணி பிடிச்சா போதுமா, வெளிச்சத்தை முகத்துல திருப்பி விடுற ரிஃப்ளெக்டர் தட்டு வாங்கணுமா?

இன்னொண்ணு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ரிங்கிட் கேக்கலாம்? சொந்தக்காரங்க எல்லாம் "சும்மா எடுத்துக் கொடு தம்பி"ங்கிறாங்க.

பிறந்தநாள், காதுகுத்துன்னு படம் எடுக்கப் போறவங்க யாராவது என்னையும் கூட்டிட்டுப் போனா, பை தூக்கவும் தயார். சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட்டா சரி.