டைப் அலையஸ் குழப்பம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கொழுந்து நிறுவைக் கணக்குக்கு ஸ்விஃப்ட் நிரல்மொழியில் ஒரு செயலி செய்கிறேன். ஒரு மொட்யூலில் (தனியாக பில்ட் செய்யும் கோட் பகுதி) டபிள் என்ற புள்ளி எண் டைப்புக்கு ‘கிலோ’ என்று டைப் அலையஸ் (மாற்றுப் பெயர்) வைத்து, கிலோவுக்கே பப்ளிக் எக்ஸ்டென்ஷனும் (வெளியிலிருந்தும் கூப்பிடக்கூடிய கூடுதல் ஃபங்ஷன்) எழுதினேன். இம்போர்ட் செய்த இடத்தில் பார்த்தால், டபிளாக வைத்த சம்பளத் தொகைக்கும் சாக்கு எடையைக் கழிக்கும் ஃபங்ஷன் வந்து நிற்கிறது! அலையஸ் புது டைப் இல்லை, எக்ஸ்டென்ஷன் டபிளோடுதான் ஒட்டும். அது என் பிழைதான், சரி.

குழப்பம் வேறு. கம்பைலர் எழுதும் பைனரி மொட்யூல் கோப்பில் ‘கிலோ’ என்ற பெயரும் பதிவாகிறது போல. எரர் செய்தியில் அந்தப் பெயரே வருகிறது. நாளைக்கு கிலோவை டெசிமல் என்ற வேறு எண் டைப்புக்கு மாற்றி, அந்த மொட்யூலை மட்டும் பில்ட் செய்தால், அதை நம்பியிருக்கும் வேறு மொட்யூலின் பழைய பைனரி கோப்பு ‘கிலோ’ என்ற பெயரைத் தேடிப் போகுமா, டபிளையே பிடித்துக்கொண்டிருக்குமா? மழைக்குக் கரண்ட் போகுமுன் யாராவது சொல்லுங்களேன்.