ரிசப்ஷன் ஜோத்புரி கோட்டுக்கு என்ன பட்டன் வைக்கலாம்?

அண்ணன்காரன்:
தம்பி ரிசப்ஷனுக்கு நேவி ப்ளூல ஜோத்புரி கோட்டு (கழுத்து மூடின கோட்டு) தைக்கக் குடுத்திருக்கோம். டெய்லர் பளபளன்னு சிங்க முகம் போட்ட கோல்டு பட்டன் காட்டறார், காலர் சுத்தி ஜரிகை பைப்பிங்கும் (ஓரத்துல மெல்லிசா வர்ற பட்டை) வச்சா எடுப்பா இருக்கும்ங்கறார். பொண்ணு புடவை அரக்கு கலர் காஞ்சிபுரம், ஜரிகை பழைய தங்கம் மாதிரி கொஞ்சம் மங்கலா இருக்கும். சேருமா? வெள்ளிக்கிழமை ட்ரையல், அதுக்குள்ள சொல்லியாகணும்.

ஊசிநூல்:
தம்பி, நான் கோட்டு தைக்கற ஆளு. பட்டனை கோட்டு மேல மட்டும் வச்சுப் பாக்காதீங்க, புடவை முந்தானை மேலயும் வச்சுப் பாருங்க. மங்கின ஜரிகைக்கு ஆன்டிக் கோல்டு தான் சேரும், பளபளா பட்டன்ல ஃப்ளாஷ் பட்டா போட்டோல வெறும் வெள்ளைப் புள்ளியா தான் தெரியும். சைஸ் லைன் கணக்கு, 40 லைன் ஒரு இஞ்சு. நான் முன்னாடி 32, கைக்கு 24 வைப்பேன், அதாவது சுமார் 20 மில்லிமீட்டரும் 15 மில்லிமீட்டரும். மெட்டல் பட்டன் கனம், துணி மெல்லிசா இருந்தா இழுத்துட்டு தொங்கும், அதனால உள்ள சின்ன துண்டு கேன்வாஸ் (விறைப்பான துணி) வச்சு தைக்கச் சொல்லுங்க.

மல்லிச்சரம்:
காலர்ல ஜரிகை வேண்டவே வேண்டாம்ங்க!! எங்க அண்ணனுக்கு கழுத்து முழுக்க ஜர்தோசி (ஜரிகை, மணி வச்ச எம்ப்ராய்டரி) வச்சோம், மாலை மாத்தும்போது மாலையில இருந்த ஜிகினா நூல் அதுல மாட்டிக்கிச்சு, மேடையிலயே நின்னு நான் ஒவ்வொண்ணா எடுத்துவிட்டேன், அதுக்குள்ள ரெண்டு மணி உதிர்ந்து போச்சு. போதாததுக்கு போட்டோ எல்லாத்துலயும் கழுத்தை மாலை தான் மறைச்சிருக்கு. அந்தக் காசுக்கு நல்ல பட்டனா வாங்குங்க. பைப்பிங் வேணும்னா அதே நீலத்துல வெல்வெட், பாக்கெட் ஓரத்துல மட்டும், அவ்வளவு போதும்.

கோவைக்காரன்:
ஊசிநூல் அண்ணா சொன்னதோட இன்னொண்ணு, பின்னாடி வளையம் இருக்கற பட்டனா எடுங்க ப்ரோ. தைக்காம துணியில சின்ன ஓட்டை போட்டு ஓரம் கட்டி உள்பக்கம் ரிங் மாட்டிட்டா ட்ரை க்ளீனுக்கு குடுக்கும்போது கழட்டிடலாம். எனக்கு தைச்சதோடயே குடுத்துட்டு முலாம் உரிஞ்சு வந்துச்சு, அதே டிசைன் தேடி சவுகார்பேட்டை வரைக்கும் போயும் கிடைக்கல, கடைசியில ஆறு பட்டனையும் மாத்தினேன். ரெண்டு எக்ஸ்ட்ரா இப்பவே வாங்கி வச்சுக்கோங்க.

அண்ணன்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காலர் பைப்பிங் வேண்டாம்னு டெய்லருக்கு இப்பவே போன் பண்ணிட்டேன். புடவை பொண்ணு வீட்ல இருக்கு, அதோட ப்ளவுஸ் துணியில ஒரு துண்டு கேட்டிருக்கேன், ட்ரையலுக்கு அதையும் எடுத்துட்டுப் போறேன்.